செந்தூலில் ஒரு டூப்ளெக்ஸ் வீடு: படிக்கட்டிலிருந்து தொடங்கிய சீரமைப்பு

அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் மாடி வைத்த டூப்ளெக்ஸ் வீட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூடத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்துத்தான் வாங்குகிறார்கள். இரண்டு தள உயரத்துக்குக் கண்ணாடி, தலைக்கு மேல் தாராளமான வெளி, தரைவீட்டில் இருப்பதுபோல் மேலே தனியாகப் படுக்கையறைகள். குடியேறிய பிறகு அந்த வீட்டின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது படிக்கட்டு. அதில் ஆட்கள் மட்டுமா ஏறி இறங்குகிறார்கள்? சூடு ஏறுகிறது, தாளிப்பு மணம் ஏறுகிறது, ஏர்கான் குளிர் இறங்குகிறது, துணிக்கூடை நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. அதனால் நான் டூப்ளெக்ஸ் வேலை எடுத்தால் முதலில் படிக்கட்டைத்தான் பார்ப்பேன். அலமாரியும் பெயிண்டும் அதற்குப் பிறகுதான்.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் செய்து கொடுத்த வீடு ஒன்றின் கதை இது. இப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வீடும் குடும்பமும்

ஏறத்தாழ 1,700 சதுர அடி. கட்டடத்தின் கடைசி இரண்டு தளங்கள். கீழ்த்தளத்தில் கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை, துணி உலர்த்தும் பின்கட்டு, ஒரு சின்ன அறை, குளியல் இல்லாத ஒரு கழிவறை. மேல்தளத்தில் மூன்று படுக்கையறைகள், இரண்டு குளியலறைகள், படி முடியும் இடத்தில் ஒரு சிறு முகப்பு. வாசல் கதவு கீழே ஒன்றுதான். மேல்தளத்திலிருந்து லிஃப்ட் பக்கம் போக வேறு வழி கிடையாது. கூடத்துப் பெரிய கண்ணாடி மேற்கு பார்த்தது.

குடும்பத்தில் ஐந்து பேர். வீட்டுக்காரர் கிள்ளானில் சரக்குப் போக்குவரத்து வேலையில் இருக்கிறார், அவர் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம் படிவம் படிக்கும் மகள், இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், முழங்கால் வலியுள்ள வீட்டுக்காரரின் தாயார். இன்னொருவர் குடியிருந்த வீட்டை வாங்கி, பால் காய்ச்சிக் குடியேறி, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு அழைத்தார்கள்.

"மேலே ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்குது அண்ணே. கீழே நெத்திலி வறுத்தா என் புடவை அலமாரியிலே மணக்குது. அத்தை மேலே வரவே பயப்படுறாங்க. பிள்ளைங்க ரூம்ல வைஃபை கிடைக்கலை" என்று அந்த ஆசிரியை அம்மா மூச்சு விடாமல் சொன்னார். கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. மூன்று அறைக்கும் சுவரோடு பதிக்கும் அலமாரி, கூடத்தின் மேல்வெளியைத் தளம் போட்டு மூடி நான்காவது அறை, அலங்கார விளக்குகள். அவர் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றைக்கூட அந்தப் பட்டியல் தீர்க்காது.

நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். சுவரோடு பதிக்கும் எந்தச் சாமானுக்கும் இப்போது முன்பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம், யார் எதற்காகப் படியேறினார்கள் என்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிக் குறித்து வையுங்கள். அந்தத் தாளில் முதலிடம் பிடித்தது துணி. அடுத்தது பள்ளிப் பை, இஸ்திரிப் பெட்டி, கைப்பேசி சார்ஜர், குடிக்கத் தண்ணீர். எந்த அறையில் என்ன அலமாரி வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிட்டது.

கடைசிப் படி

தாயார் ஏன் பயப்படுகிறார் என்று கேட்டதற்கு, "மேலே போய்ச் சேரும்போது கால் தட்டுது தம்பி" என்றார். மூட்டு வலியால் வருவது என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அளவுநாடா வேறு சொன்னது. எல்லாப் படிகளும் 175 மில்லிமீட்டர் உயரம். கடைசிப் படி மட்டும் 190. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுச் சீர்மைக் கட்டட உட்சட்டங்களின்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் பரப்பு 255க்குக் குறையக்கூடாது. கட்டடம் கட்டியவர்கள் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். முன்பு இருந்தவர் மேல்தளத்தில் மட்டும் பழைய டைல்ஸ் மீது லாமினேட் பலகை விரித்திருந்தார். பலகை 12 மில்லிமீட்டர், அடியில் நுரைவிரிப்பு 3. அந்தப் பதினைந்தும் கடைசிப் படியின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

படியேறும்போது நம் கால் முதல் இரண்டு மூன்று படிகளிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும், அதன்பின் கண்ணால் பார்த்து ஏறுவதில்லை. நடுவில் ஒன்று மாறினால் இளவயதுக்காரர் தடுமாறிச் சமாளிப்பார், வயதானவர் விழுவார். இறங்கும்போது இன்னும் ஆபத்து, ஏனென்றால் முதல் அடியே எதிர்பார்த்ததைவிடப் பள்ளத்தில் விழும். டூப்ளெக்ஸில் தரை மாற்றுபவர்கள் இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கீழ்த்தளம், ஒவ்வொரு படி, மேல்தளம் ஆகிய மூன்றிலும் ஒரே கனத்தில் போட வேண்டும். மூன்றும் சேர்ந்து உயர்ந்தால் படிகளுக்கு இடையிலான உயரம் மாறாது. ஒன்றை விட்டாலும் முதல் படியோ கடைசிப் படியோ கெட்டுவிடும். கடைக்காரர் சதுர அடிக்கு விலை சொல்வார், படிக்குத் தனிக்கூலி கேட்பார். அந்தக் கூலியைப் பார்த்துத்தான் பலர் படியை விட்டுவிடுகிறார்கள்.

லாமினேட் ஒட்டாமல் விரித்தது என்பதால் அரை நாளில் கழன்றது. அதன் அடியில் வேறொன்று தெரிந்தது. அதை அடுத்துச் சொல்கிறேன். பழுதெல்லாம் முடிந்தபின் கீழே, படியில், மேலே மூன்றிலும் 5 மில்லிமீட்டர் எஸ்பிசி பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போட்டோம். படியின் விளிம்பில் வழுக்காத பட்டை, அதுவும் பலகையின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில், இரவில் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது. சுவர்ப் பக்கமும் ஒன்று பொருத்தினோம். படியின் விளிம்பிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டர் உயரத்துக்குள் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது அதே உட்சட்டம். ஏறும்போது வலக்கை, இறங்கும்போதும் வலக்கை என்று இரண்டு பக்கமும் பிடி கிடைப்பது முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய துணை.

மேல் முகப்பின் தடுப்புக் கம்பிகளுக்கு இடையே என் உள்ளங்கை தாராளமாகப் போனது. சின்னப் பையன் இருக்கும் வீட்டில் அது ஆகாது. இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள் வரும்படி நடுவில் கம்பி சேர்த்தோம். அங்கே கிடந்த முக்காலியையும் பூந்தொட்டித் தாங்கியையும் அன்றே அப்புறப்படுத்தச் சொன்னேன். தடுப்புக்குப் பக்கத்தில் ஏறி நிற்க ஒரு பொருள் இருந்தால் தடுப்பு இருந்தும் பயனில்லை.

சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு கறை

கீழே சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, பிளாஸ்டர் சீலிங்கில் தேநீர் நிறத்தில் வட்டமாக ஒரு கறை. வாங்கும்போது பார்த்திருக்கிறார்கள், பழைய கறை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மேலே லாமினேட்டைக் கழற்றியபோது குளியலறைச் சுவரை ஒட்டிய நுரைவிரிப்பு ஊறிக் கறுத்திருந்தது. கறை பழையது, கசிவு இன்றையது.

சாதாரண அடுக்கு வீட்டில் மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஸ்டிராட்டா (அடுக்குமாடி உரிமை) நிர்வாகச் சட்டத்தின்கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகார் கிடைத்த 7 நாளுக்குள் கட்டட நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த 5 நாளுக்குள் 28ஆம் பாரத்தில் காரணத்தை எழுதித் தர வேண்டும். வேறு காரணம் நிரூபணமாகும்வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். டூப்ளெக்ஸில் உங்கள் குளியலறைக்குக் கீழே இருப்பது உங்கள் சீலிங். புகார் கொடுக்க யாருமில்லை, செலவு முழுக்க உங்களுடையது. புதிதாகக் கட்டுமான நிறுவனத்திடமிருந்து வாங்கியவர்களுக்கு மட்டும், சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் பழுது பொறுப்புக் காலம் உண்டு. அதற்குள் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் 30 நாளில் அவர்கள் சரிசெய்து தர வேண்டும். புது டூப்ளெக்ஸ் வாங்கியவர்கள் அந்தக் காலம் முடிவதற்குள் மேல்தளக் குளியலறைகளைச் சோதித்துவிடுங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. தரை வடிகால் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக்கி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, 24 மணி நேரம் யாரும் புழங்காமல் விட வேண்டும். இங்கே மறுநாள் காலைக்குள் மட்டம் குறிப்பைவிட்டு நன்றாகவே இறங்கியிருந்தது. கீழே கறையின் நடுவில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. சீலிங்கை ஒரு சதுரம் அறுத்துப் பார்த்தபோது, காங்கிரீட்டைத் துளைத்து வரும் வடிகால் குழாயின் கழுத்தைச் சுற்றி உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயில் ஓட்டை இல்லை. குழாய்க்கும் காங்கிரீட்டுக்கும் இடையில் நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போயிருந்தது. பல குளியலறைக் கசிவுகள் இந்தக் கழுத்தில்தான் தொடங்குகின்றன.

டைல்ஸ் இடுக்கில் சிலிக்கன் பூசி முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது சில மாதம் தாங்கும், பிறகு பூசிய இடத்தைவிட்டு வேறிடத்தில் ஒழுகும். டைல்ஸை உடைத்து, கழுத்தைச் சுற்றி அடைத்து, தரை முழுக்கவும் சுவரில் ஓரடி உயரத்துக்கும் பூச்சு கொடுத்து, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏற்றி, காய்ந்தபின் மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி மட்டம் இறங்காததைப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டினோம். ரெனோவேஷன் பணத்தில் பாதி இதற்கே போனது என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்தான். ஆனால் இதைச் செய்யாமல் கீழே புது சீலிங்கும் விளக்கும் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

அறுத்த இடத்தை நிரந்தரமாக மூடவில்லை. மேல்தளக் குளியலறை இரண்டுக்கும் நேர் கீழே, சீலிங்கில் திறந்து பார்க்கும் மூடி வைத்தோம். ஆளுக்குத் தெரியாத வெள்ளை மூடி. டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். டூப்ளெக்ஸில் பிளாஸ்டர் சீலிங் போடும் எல்லாரும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மேல்தள ஷவரில் தண்ணீரும் நூல்போலத்தான் வந்தது. அதற்குக் காரணம் வேறு. தொட்டி மொட்டைமாடியில். பத்து மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நெருக்கமாக இருக்கும் கடைசித் தளத்துக்கு அந்த உயரமே இல்லை. கீழ்த்தளக் குழாயில் நன்றாக வந்த தண்ணீர் மூன்று மீட்டர் மேலே மெலிந்தது. அழுத்தம் போதாவிட்டால் வாட்டர் ஹீட்டர் சூடேற்றவே தொடங்காது. மேலே பம்ப் உள்ள ஹீட்டராக மாற்றினோம், 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானோடு, பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு.

சூடு, மணம், சாமி மேடை

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைதான் வடக்கே. நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் நிற்கும், சுவருக்குள் வராது. காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில்தான் கிழக்கு, மேற்குக் கண்ணாடி வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. இந்த வீட்டுக்கு மேற்கு. கடைசித் தளம் என்பதால் மொட்டைமாடிக் காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கீழே விடுகிறது. அதோடு கூடத்துச் சூடும் படி வழியாக மேலே ஏறிச் சேர்கிறது. பத்து மணிக்கு அனல் அடிக்காமல் என்ன செய்யும்?

முன்பு இருந்தவர் மேல் முகப்பில் ஓர் ஏர்கான் மாட்டியிருந்தார். குளிர்காற்று கனமானது, படி வழியாகக் கூடத்துக்குத்தான் வழிந்தது. அதைக் கழற்றி மகள் அறையில் மாட்டினோம். கதவு மூடும் அறைக்கு 9,000 பிடியு, அதாவது ஒரு குதிரைத்திறன் போதுமானது. கூடத்து உச்சியில் ஐந்தரை மீட்டரில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியால் யாருக்கும் காற்று வரவில்லை. நீளமான தண்டு போட்டு ஒன்பது அடி உயரத்துக்கு இறக்கியதும் கீழே உட்காருபவர்கள் பாதி நேரம் ஏர்கானை மறந்துவிட்டார்கள். படுக்கையறை சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். அறை உயரம் 2.5 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதைக் கணக்கில் வைத்துத்தான் சீலிங்கை இறக்க வேண்டும்.

மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நிழற்கூரை போட முடிந்தால் அதுதான் சிறந்தது. ஆனால் கட்டடத்தின் வெளிமுகம் எல்லாருக்கும் பொது, நிர்வாகம் விடாது. உள்பக்கம் வெயில்தடுப்புத் தாள் ஒட்டவும் அதன் நிறத்தைக் காட்டி அனுமதி வாங்கினோம். மேல்பாதிக்கு நீளச் சங்கிலி போட்ட சுருள்திரை, கீழ்ப்பாதிக்கு கையால் இழுக்கும் சாதாரணத் திரை. உச்சியிலிருந்து தரைவரை ஒரே திரையாகத் தைத்தால் பார்க்க அழகு, ஆனால் துவைக்கக் கழற்ற ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும்.

மாலை ஏழு மணிக்கு மேல் முகப்புச் சன்னலையும் பின்கட்டுச் சன்னலையும் சேர்த்துத் திறந்தால் படிக்கட்டே புகைபோக்கிபோல வேலை செய்யும். உச்சியில் தேங்கிய சூடு வெளியேறி, கீழிருந்து புதுக்காற்று ஏறும். இரண்டு சன்னலுக்கும் கொசுவலை போட்டோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே நேரம் அடுப்பில் நெத்திலி இருந்தால் சமையல் மணம் முழுக்க அந்த இழுவையில் மேலே போகும். புடவை அலமாரி மணந்த ரகசியம் இதுதான். புகையுறிஞ்சி இருந்தும் பயன்படவில்லை, ஏனென்றால் அது காற்றைக் கரியில் வடித்து சமையலறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை. பின்கட்டு வழியாக வெளியே குழாய் போகும் வகையாக மாற்றினோம். சமையலறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே இழுவைக் கண்ணாடிக் கதவு. அடுப்பு மூட்டும்முன் கதவைச் சாத்து, பின்கட்டைத் திற, மேல் சன்னலை மூடு. இந்த வழக்கம் பழகியபின் மேலே மணக்கவில்லை என்கிறார் அந்த அம்மா.

அந்தக் கதவை இன்னொரு காரணத்துக்காகவும் நான் வற்புறுத்தினேன். மேலே தூங்குபவர்களுக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி படி. சமையலறையில் இரவில் தீப்பிடித்தால் புகை முதலில் நிரம்பும் இடமும் அதே படி. தூங்கப் போகும்முன் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். தீயணைப்பானைக் கீழே ஒன்று, மேலே ஒன்று வையுங்கள். வாசல் சாவி கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும், மேலே கைப்பைக்குள் கிடக்க வேண்டாம். படிக்கு அடியில் கிடைக்கும் இடத்தில் பழைய செய்தித்தாள், அட்டைப் பெட்டி, தின்னர் டின் என்று எதையும் அடுக்காதீர்கள்.

சாமி மேடை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. தாயார் தன் அறைக்குப் பக்கத்தில், கீழே வேண்டும் என்றார். கீழ்த்தளத்தில் எங்கே வைத்தாலும் அதற்கு மேல் படுக்கையறை, அல்லது குளியலறை, அல்லது படி. சாமிக்கு மேலே கால் படுவதை நம் வீடுகளில் யாரும் விரும்புவதில்லை. மேல்தள வரைபடத்தைக் கீழ்த்தள வரைபடத்தின் மீது வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மேலே தளமே இல்லாத இடம் கூடத்தின் மேல்வெளிக்குக் கீழே உள்ள கிழக்குச் சுவர் மட்டும்தான். அங்கேயே அமைந்தது. சாம்பிராணிப் புகை மேல் முகப்பின் புகையறிவிப்பானை அலற வைக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை மாலையில் முகப்புச் சன்னலைத் திறந்துகொள்கிறார்கள். அறிவிப்பானைத் துணியால் மூடும் பழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

மேல்வெளியை மூடி நான்காவது அறை எடுக்கும் திட்டம் அப்போதே கைவிடப்பட்டது. சாமிக்காக மட்டும் அன்று. அந்த வெளியில் தளம் போடுவது கட்டடத்தின் பளுவைக் கூட்டும் கட்டமைப்பு வேலை. பொறியாளரின் வரைபடம், மாநகர் மன்றத்தின் அனுமதி, நிர்வாகத்தின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். விலைப்பட்டியலில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. அனுமதியின்றிப் போட்டால் உடைக்கச் சொல்லலாம், விற்கும்போதும் தலைவலி. காற்றும் வெளிச்சமும் போவது தனி நட்டம்.

தாயாரின் அறை

கீழ்த்தளத்துச் சின்ன அறை தாயாருக்கு. கழிவறை பக்கத்திலேயே இருந்தது, குளிக்கத்தான் மேலே போக வேண்டும். அந்தக் கழிவறையில் ஷவர் வைத்துவிட்டால் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். இங்கேதான் மிகவும் எச்சரிக்கையாக இருந்தோம். மேல்தளக் குளியலறை ஒழுகினால் நம் சீலிங். கீழ்த்தளத்தில் ஒழுகினால் அடுத்த குடும்பத்தின் சீலிங். முன்னே சொன்ன 28ஆம் பாரம் அப்போது நம் பெயருக்கு வரும். வந்தபின் 7 நாளுக்குள் நாம் பழுதுபார்க்கத் தவறினால் நிர்வாகமே ஆள் வைத்துச் செய்து செலவை நம்மிடம் வசூலிக்கும்.

எப்போதாவது தண்ணீர் படும் என்று கட்டப்பட்ட கழிவறையின் பூச்சு, தினம் இரண்டு வேளைக் குளியலைத் தாங்கும் என்று நம்ப முடியாது. சுவரை நகர்த்தவில்லை, ஈரப்பகுதியின் எல்லையைக் கூட்டவில்லை. நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு தரையையும் சுவரையும் புதிதாகப் பூச்சு கொடுத்து, தண்ணீர் தேக்கும் சோதனையை நிர்வாகத்தின் ஆள் முன்னிலையில் செய்தோம். கீழ்வீட்டுக்காரரை வீட்டுக்காரர் நேரில் பார்த்துப் பேசி, அன்று அவர் சீலிங்கைப் படம் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் பேச்சு வந்தால் இரண்டு பக்கமும் அந்தப் படம் இருக்கும். உறவும் கெடாது.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே யாராவது விழுந்து கதவோடு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. பிடிகம்பிகளைச் செங்கல் சுவரில் திருகினோம். டைல்ஸில் ஒட்டும் காற்றுக்குமிழ்ப் பிடியை நம்பக்கூடாது. இரவில் கூப்பிட, கம்பியில்லா வாசல் மணி ஒன்றின் பொத்தானைத் தாயாரின் கட்டிலருகேயும் ஒலிப்பானை மேலே வீட்டுக்காரரின் அறை வாசலிலும் வைத்தார்கள். மருமகளின் யோசனை அது. இந்த வீட்டிலேயே குறைந்த செலவில் அதிகம் பயன்படும் பொருள் அதுதான் என்பேன்.

மற்றவை

துணி மெஷினை மேலே கொண்டுபோக முடியவில்லை. அங்கே வடிகால் இணைப்பு இல்லை. அதனால் உடைகளைக் கீழே கொண்டுவந்தோம். படிக்கு அடியில் இஸ்திரி மேசையும், பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, காலுறை வைக்கும் கதவுள்ள அலமாரியும். பள்ளிப் பைக்கு அங்கேயே கொக்கி. மேலே விசேஷ உடையும் படுக்கை விரிப்பும் மட்டும். குளிர்பெட்டித் தாளில் முதலிடத்தில் இருந்தது இப்படிப் பெருமளவு குறைந்தது. மேல் முகப்பில் ஒரு குடிநீர் ஜாடியும் இரண்டாவது துடைப்பமும் வைத்தார்கள். சின்ன விஷயம்தான், நாள்தோறும் மிச்சமாகும் நடை பெரிது.

ஃபைபர் இணைப்பு கீழே வாசல் அருகில். காங்கிரீட் தளத்தைத் துளைத்து வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சரியாகப் போகாது. படிச்சுவர் வழியாக கேட்6 இணையக் கம்பி ஒன்றை ஏற்றி, மேல் முகப்பில் இரண்டாவது வைஃபை பெட்டி மாட்டினோம். கம்பியில்லா மெஷ் பெட்டியைவிட இது உறுதி. சுவரைப் பூசும்முன் செய்ய வேண்டிய வேலை. படி விளக்குக்குக் கீழும் மேலும் இருவழி சுவிட்ச், மின்தடை வந்தால் தானே எரியும் விளக்கு ஒன்று படியின் திருப்பத்தில். மின்பெட்டி கீழே இருப்பதால் இரவில் ஃபியூஸ் விழுந்தால் இருட்டில் இறங்குவது ஒருவரின் வேலையாகிவிடும்.

கட்டிலும் மெத்தையும் வாங்கும்முன் படியின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் கிங் மெத்தை 183க்கு 190 சென்டிமீட்டர். மெத்தை சற்று வளையும், அதன் அடிப்பெட்டி வளையாது. இரண்டாகப் பிரியும் அடிப்பெட்டி கேளுங்கள். முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற தேக்கு அலமாரி, இறக்க முடியாமல் விட்டது. அதை அறைக்குள்ளேயே பிரித்து, பலகையாகத்தான் இறக்கினோம்.

2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீரின்றித் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாளி வாளியாக மாடிக்குத் தூக்குவது நடக்காத காரியம். மேல் குளியலறையிலும் மூடியுள்ள ஒரு பீப்பாய் எப்போதும் நிரம்பி இருக்கட்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு வந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு அலகின்படி வரும். பரப்பு பெரியது என்பதால் அதே கட்டடத்தின் ஒற்றைத்தள வீட்டைவிட டூப்ளெக்ஸுக்குக் கூடுதல்தான். அதோடு கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்கு அந்தக் கட்டணத்தில் 10 விழுக்காடு. வாங்கும்முன் முந்தைய உரிமையாளரின் பாக்கி இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்றைய நிலை

தாயார் கைப்பிடி பிடித்து, வாரத்தில் ஓரிரு நாள் பேரப்பிள்ளைகளின் அறைக்குப் போய்வருகிறார். கால் தட்டுவதில்லை. மேல்தளம் இன்னமும் கீழைவிடச் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு ஏர்கானைக் குறைந்த நேரம் போட்டாலே தூங்க முடிகிறது. சத்தம் தீரவில்லை. காலை ஐந்தரைக்கு மிக்ஸி ஓடினால் மகள் விழித்துக்கொள்கிறாள், கண்ணாடிக் கதவு அதைப் பாதிதான் தடுக்கிறது. சட்னியை முந்தின இரவே அரைத்து வைக்கிறார்கள்.

ஒரு வேலை பாக்கி. மகன் அறை சீலிங்கின் ஒரு மூலையில் பெருமழைக்குப் பின் ஈரம் தெரிந்தது. இதற்கு மேல் வீடு இல்லை, மொட்டைமாடி. அது பொதுச்சொத்து என்பதால் பழுதுபார்ப்பது நிர்வாகத்தின் கடமை. படங்களோடு எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள், குறித்த நாளுக்குள் வந்து பார்த்தார்கள், மொட்டைமாடிப் பூச்சு தேய்ந்திருப்பதாக 28ஆம் பாரத்தில் எழுதியும் தந்தார்கள். வேலைக்கு இப்போது விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். அது முடிந்து இரண்டு நல்ல மழை தாண்டிய பிறகே அந்த மூலைக்குப் பஞ்சு வைத்து சீலிங்கை மூடுவோம். அதுவரை பையனின் கட்டில் அந்தச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கிடக்கிறது, அந்த மூலையில் மின்சாமான் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.